வளையம் இல்லாத கால்

போன மாதம் அலுவலகத்து இளம் உத்தியோகத்தர்கள் என்னை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ட்ரோன் காட்டினார்கள். துறைமுகத்துக்கு மேலே இருக்கிற மலையில் ஒரு கடற்கழுகுக் கூடு. அந்த மரத்தில் ஏறி இறங்க எனக்கு அரை நாள் போகும். இவர்கள் கீழே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, கையளவு திரையில் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"ஐயா, எப்பிடி?" என்று கபிலன் கேட்டான். நான் செய்த வேலையை இப்போது அவன்தான் செய்கிறான்.

"நல்லாத்தான் இருக்கு. காத்தடிச்சாக் கூட்டுக்குள்ள விழாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். "ஐயா மாறவேயில்லை," என்றான்.

உண்மைதான், நான் பயந்தவன். மரத்தின் உயரத்துக்கு ஒருநாளும் பயந்ததில்லை. கூட்டுக்குள் இருக்கிறதுக்குத்தான் பயம். முட்டை உடைந்துவிடுமோ, குஞ்சு கை நழுவிவிடுமோ, தாய் திரும்பி வராமல் விட்டுவிடுமோ என்று வேலை செய்த காலம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி பூமணி சொல்லுவாள்: "உங்களுக்குக் கழுகு பொரிச்சாலும் பயம், பொரிக்காட்டியும் பயம்." பிழை சொல்ல ஏலாது. இரண்டுக்கும் பயந்தேன். அந்தக் கதையைத்தான் அலுவலகத்துப் பிள்ளைகள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கூட்டுக்குள் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சல்லி ஊர்க் கடற்கரைக்காரன். குடும்பமே கடலில். எனக்கோ வள்ளத்தில் கால் வைத்தால் தலை சுற்றி வாந்தி வரும். ஊருக்கு இதைவிட நல்ல பகிடி கிடைக்கவில்லை. ஆனால் மரம் ஏறுவேன். பறவைகளைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு மரம் ஏறத் தெரிந்த ஆள் தேவை என்று யாரோ சொல்ல, நாட்சம்பளத்துக்குப் போனேன், பிறகு நிரந்தரமானது. கயிறு கட்டுவது, நகம் படாமல் பறவையைத் தூக்குவது, மேலதிகாரிகளோடு தட்டித் தடவிச் சிங்களம் கதைப்பது எல்லாம் வேலைக்குள்ளேயே பழகினவை. அதை நீட்ட வேண்டாம்.

அப்போது துறைமுகத்தைச் சுற்றிக் கடற்கழுகு என்று மிஞ்சியிருந்தது அந்த மலைக்கூட்டில் இருந்த ஒரே ஒரு சோடி. ஏன் அழிந்தன என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயலுக்கு அடித்த மருந்து, கடலில் போட்ட டைனமைட், சண்டைக் காலத்தில் வெட்டின பெருமரங்கள். "எல்லாம்தான்," என்பார் டொக்டர் மிஸ்.

டொக்டர் மிஸ் எங்கள் அலுவலகத்து மிருக வைத்தியர். சொந்த ஊர் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. மெலிந்த உருவம், மெல்லிய குரல். ஒருநாளும் கத்தினதில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்பார். அதுதான் தாங்க ஏலாது.

குஞ்சுக்கு இறகு முளைத்து வரும்போது கூட்டுக்குப் போவோம். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். மேலே ஏறினதும் முதலில் குஞ்சின் கண்ணை மூடுவேன். அதற்கென்று மிஸ் தன் கையால் தைத்த கறுப்புச் சீலைத் தொப்பி ஒன்று இருந்தது. இருட்டினதும் குஞ்சு அடங்கிவிடும். பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் துணியால் சுற்றி, பையில் வைத்துக் கயிற்றில் இறக்குவேன். தாயும் தகப்பனும் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும். கீழே சாக்கு விரித்து மிஸ் இருப்பார். நிறுப்பார். சிறகை விரித்து, உள்பக்கத்து நரம்பில் மெல்லிய ஊசியைப் போட்டு, ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளை அட்டையில் ஒற்றி நிழலில் காயவிடுவார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினால் லேசில் கை எடுக்க மாட்டார்.

"ரத்தம் நிண்டுட்டுது மிஸ்."

"உங்களுக்கு நிண்டுட்டு. அதுக்கு நிண்டிச்சா எண்டு பாப்பம்."

கடைசியில்தான் வளையம். இடது காலில் இலக்கம் அடித்த அலுமினிய வளையம். வலது காலில் நிற வளையம். எந்தக் கூட்டில் பிறந்தது என்று தூரத்தில் நின்றே கண்டுபிடிக்க ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு நிறம். மலைக்கூட்டுக்குச் சிவப்பு. வளையத்தைக் கையில் எடுத்ததும் "எந்தக் கால்?" என்பார். போடும்போது ஒருதரம் கேட்பார். பூட்டின பிறகும் கேட்பார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மிஸ், இருக்கிறதே ரெண்டு கால்தானே!"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டுதானே எண்ட நினைப்பிலதான் எல்லாரும் பிழை விடுற. எந்தக் கால்?"

"வலது, மிஸ்."

அந்தச் சோடி எங்களைக் கைவிடவில்லை. குஞ்சுகள் பெரிதாகி, உப்புவெளிப் பக்கம் ஒரு கோபுரத்தில் கூடு கட்டின. நிலாவெளியில் ஒரு மரத்தில் கட்டின. சல்லியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றாலே தெரிகிற மரத்திலும் கட்டின. எந்தக் கழுகைப் பார்த்தாலும் காலில் எங்கள் வளையம். தொலைநோக்கியில் அந்த நிறம் தெரிந்தால் நெஞ்சு நிறைந்துவிடும். "என்ர பிள்ளையள்" என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதில் பாதிப் புண்ணியம் என் மச்சானுக்கு. பூமணியின் தமையன் குணம், கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி. அவனுடைய கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலையை இழுத்து முடித்து, மீன் சேருகிற மடியை மணலில் பிரித்ததும், கூறு போடுமுன், சம்மாட்டி இரண்டு கையாலும் சின்ன மீனை அள்ளி ஒரு பக்கமாக எறிவான். அது கழுகுப் பங்கு. கழுகு இறங்கி எடுத்த பிறகுதான் மனிதர்களுக்குக் கூறு. அவனுடைய தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். கழுகு வராத நாளில் வலை இழுக்கிறவர்களின் முகம் கறுத்துப்போகும். அடுத்த வலை வெறுமையாக வரும் என்று நம்பினார்கள். கெட்ட காலத்தில் அந்த ஒரு சோடி உயிரோடு கிடந்ததே இந்த மீனால்தான். எங்கள் அலுவலகம் ஒரு கூட்டம் வைத்து அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. அதைப் பார்த்து மற்றக் கரைக்காரரும் கழுகுப் பங்கு வைக்கத் தொடங்கினார்கள். கழுகு கூடக் கூட, கை அளவு போய்க் கூடை அளவானது.

முதலில் நிலாவெளிக் கூடு பொரிக்கவில்லை. சரி, இளம் சோடி, பழகட்டும் என்றோம். அடுத்த முறை கோபுரக் கூடு. அதற்குப் பிறகு மலைக்கூடே பொரிக்கவில்லை. அங்கே கிழட்டு ஆண் செத்து, அதன் இடத்தில் சிவப்பு வளையம் போட்ட ஓர் ஆண் வந்திருந்தது. பொரிக்கிற காலம் தாண்டியும் தாய் முட்டையை விட்டு எழும்பாமல் இருக்கும். மழையில் நனைந்துகொண்டு இருக்கும். அதைப் பார்க்கிற கொடுமை வேறு எதிலும் இல்லை. அது வெறுத்து எழும்பின பிறகு நான் ஏறி முட்டையைக் கொண்டுவருவேன். மிஸ் ஒரு பீங்கானில் உடைப்பார். சிலதில் கருவே இல்லை. சிலதில் கண்ணும் சொண்டும் வந்து, அந்த அளவிலேயே நின்றுபோன குஞ்சு.

"மருந்தோ மிஸ்?"

"தெரியா. தெரியாம வாயால ஒண்டும் சொல்ல மாட்டன்."

சேர்த்து வைத்திருந்த இரத்த அட்டைகளைக் கொழும்புக்கு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை. கதிரையின் நுனியில் இருந்தேன்.

"தவராசா அண்ணன், நீங்க உங்கட மாமன்ட மகளைத்தானே முடிச்சிரிக்கிற?"

"ஓம் மிஸ்."

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தான். மச்சானுக்கு மச்சி. அது போகட்டும். இதுகள் அண்ணனும் தங்கச்சியும். தாயும் மகனும். எத்தின கழுகு பறந்தாலும் எங்களிட்ட இரிக்கிறது ஒரே ஒரு குடும்பம்."

எனக்கு விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு இரத்தத்திலும் ஏதோ ஒரு குறை ஒளிந்திருக்கும். வேறு இரத்தம் சேர்ந்தால் அது வெளியே வராது. ஒரே இரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் இரண்டு பக்கத்துக் குறையும் முட்டைக்குள் சந்தித்துக்கொள்ளும். இன்னொன்றும் சொன்னார்: ஒரு வருத்தம் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும், தாங்கிக்கொண்டு தப்புவதற்கு வேறு மாதிரியான ஒன்று கூட்டத்தில் இருக்காது. நாங்கள் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இது நடந்திருக்கிறது.

"பறக்கப் பழகினா இளசுகள் ஊரை விட்டுப் போகணும். புல்மோட்டை, கந்தளாய்க் குளம், அங்கால எங்கயும். அங்க வேற ரத்தத்தைக் காணும். அங்க உள்ளது இங்க வரும். நம்மட இளசுகள் மட்டும் ஏன் போகல்ல? ஏன் போகல்ல, தவராசா அண்ணன்?"

இரண்டாம் முறை கேட்டபோதே அவருக்குப் பதில் தெரியும் என்று எனக்கு விளங்கிவிட்டது. என் வாயால் வரவேண்டும் என்று காத்திருக்கிறார்.

"என்ர மச்சான்ட மீன், மிஸ்," என்றேன். "கரையில சும்மா கிடைக்குது, பிறகேன் போகும்?"

அன்றிரவு சோறு இறங்கவில்லை. பூமணி கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். என்னத்தைச் சொல்ல? உன் தமையனிடம் போய், உன் தகப்பன் வைத்த வழக்கத்தை நிப்பாட்டு என்று சொல்லப்போகிறேன் என்றா?

மிஸ்ஸும் நானும் கரைக்குப் போனபோது வலை ஏறி முடிந்திருந்தது. கழுகுகள் மணலில் வரிசைக்கு நின்று, கோழிகள் மாதிரி மீன் தின்றுகொண்டிருந்தன. முன்பெல்லாம் அழகாகத் தெரிந்த காட்சிதான். நான் தடுமாறித் தடுமாறி விசயத்தைச் சொன்னேன். குணம் முழுக்கக் கேட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டினான்.

"உனக்கென்ன விசரோ? பொன்னாடை போத்தினதும் நீங்கள்தான், இப்ப நிப்பாட்டச் சொல்லுறதும் நீங்கள்தானோ?"

"மச்சான், அப்ப தெரியாது..."

"தெரியாட்டிப் பேசாம இரு. வாய் திறந்து கேக்கத் தெரியாத சீவன். அதின்ர வாயில மண்ணள்ளிப் போடச் சொல்லுறியே! கடலுக்கு வந்தாச் சத்தி எடுக்கிறவனுக்குக் கடற்கரை வழக்கத்தைப் பற்றி என்ன கதை?"

வலைக்காரர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மிஸ் கைப்பையிலிருந்து சோற்றுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் ஒரு முட்டை. மலைக்கூட்டிலிருந்து நான் இறக்கினது. அதைக் குணத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"காதுக்குக் கிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க."

ஆட்டினான். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் எனக்கும் கேட்டது. இன்னொரு முறை ஆட்டினான். முகம் மாறிவிட்டது. முட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"எல்லாக் கூட்டிலயும் இப்பிடியோ, டொக்டர்?"

"இந்த வருசம் எல்லாக் கூட்டிலயும்."

முட்டையைப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "நிப்பாட்டுறன். மற்றக் கரைக்காரருக்கும் நானே சொல்லுறன். ஆனா கழுகு இல்லாமப் போச்செண்டால், மச்சான், என்ர வாசலுக்கு நீ வரப்படாது."

மறுநாளிலிருந்து மீனை மூடிக் கூடையில் வைத்தார்கள். கழுகுகளுக்கு விளங்கவில்லை. வந்து நின்றன. மணலில் அங்குமிங்கும் நடந்து பார்த்தன. கத்தின. இழுவைக்காரன் ஒருவன் மனம் பொறுக்காமல் ஒரு மீனை எறியப் போக, குணம் அவனுக்குப் பேசின பேச்சு அடுத்த கரை வரை கேட்டது. பேசிவிட்டு வள்ளத்துக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினான். நான் தென்னை மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போகத் துணிவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. போனால்தான் நல்லது என்று தெரியும். தெரிந்து என்ன? காலையில் எழும்பி மரத்தைப் பார்த்தால் வெறுங்கிளை. புல்மோட்டையிலிருந்து ஒரு தகவல் வந்தது: மின்கம்பிக்குக் கீழே செத்த கழுகு, வலது காலில் மஞ்சள் வளையம். கோபுரக் கூட்டுக் குஞ்சு. அதன் கண்ணை மூடி, பையில் இறக்கி, "வலது, மிஸ்" என்று சொன்னது நான்தான். கந்தளாய்க் குளத்தில் ஒன்று உயிரோடு மீன் பிடிக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். அதைப் பூமணியிடம் காட்டினேன். "பாத்தீங்களோ, பிழைச்சுப்போச்சு," என்றாள். நானோ செத்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரைவலைக் காலம் மீன் பிடிபாடும் மோசம். கழுகுப் பங்கை நிப்பாட்டின பாவம் என்று வலைக்காரர் வெளிப்படையாகவே கதைத்தார்கள். அதற்கு மேல், மலைக்கூட்டுக் கிழட்டுப் பெண் கழுகு மரத்தடியில் செத்துக் கிடந்தது. முதுமைதான், வேறு ஒன்றும் இல்லை என்று மிஸ் பார்த்துச் சொன்னார். ஆனால் செய்தி போன அன்றைக்கே குணம் என்னோடு கதைப்பதை நிப்பாட்டிவிட்டான். நல்லநாள் பெருநாளுக்குப் பூமணி தனியாகத் தமையன் வீட்டுக்குப் போய் வருவாள். வந்து குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் வேலை செய்வாள். என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன்.

மிஸ்ஸுக்கு மாற்றம் வந்து வேறு மாவட்டம் போனார். நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், பணிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், கழுகைக் காப்பாற்றினவர் என்று கதைத்தார்கள். மலைக்கூடு வெறுமை. அந்தச் சிவப்பு வளைய ஆண் தனியாக மலையைச் சுற்றுகிறது. எதைக் காப்பாற்றினேன்? எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலையில் தொலைநோக்கியோடு கரைக்குப் போவேன். எது பறந்தாலும் முதலில் காலைப் பார்ப்பேன். வேலை செய்த காலம் முழுக்க வளையம் போட்டவன், வளையம் இல்லாத ஒரு கால் தெரியாதா என்று தேடினேன். சிவப்புத் தெரியும், மஞ்சள் தெரியும், மனம் விழுந்துபோகும்.

போன வருசக் கரைவலைக் காலத்தில் ஒருநாள் கைபேசி அடித்தது. குணத்தின் இலக்கம்.  யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"உன்ர தூரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கரைக்கு வா."

"என்ன மச்சான்? ஆருக்கு என்ன?"

"வா எண்டால் வாவன். ஒண்டு வந்து நிக்குது. வெறுங்காலோட நிக்குது."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அலை வந்து போகிற இடத்தில் நின்றது. பெரிய உடம்பு, பெண். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துவிட்டுப் பார்த்தேன். இடது கால் வெறும் கால். வலது கால் வெறும் கால். மாறி மாறிப் பார்த்தேன். எந்தக் கால், எந்தக் கால் என்று மிஸ்ஸின் குரல் தலைக்குள் கேட்டது. குணம் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எங்கட இல்லைத்தானே?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என் புத்தி என்னை விடுமா? நாங்கள் காணாத கூடு ஒன்று இருந்திருந்தால்? ஏறாமல் விட்ட மரத்தில் எங்கள் கழுகே பொரித்திருந்தால்? "இப்ப சொல்ல ஏலாது மச்சான்," என்றேன். "போடா, உன்னோட," என்றான். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவன் வாயால் "போடா" கேட்டது எனக்குப் பொன்னாடை.

அது உதிர்த்த இறகொன்றைக் கபிலன் பொறுக்கி உறையில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினான். இப்போது ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம், இறகின் அடிக்காம்பே போதுமாம். பதில் வர மாதக்கணக்கானது. ஒவ்வொரு கிழமையும் கபிலனுக்குக் கைபேசியில் எடுப்பேன். பாவம், அவன் அலுக்காமல் "இன்னும் இல்லை ஐயா" என்பான். அதற்குள் அந்தப் பெண் மலைக்குப் போய், தனித்துத் திரிந்த ஆணோடு சேர்ந்து பழைய கூட்டுக்குச் சுள்ளி சுமக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு இன்னும் பயம் கூடினது. இதுவும் அந்தக் குடும்பமாக இருந்தால் பிறகு யாருக்கு எதைச் சொல்வது?

பதில் வந்தது. எங்கள் இரத்தம் இல்லை. துறைமுகத்துக் கழுகு ஒன்றோடும் சேராத, வேறெங்கோ பிறந்த பறவை. முதலில் மிஸ்ஸுக்குத்தான் கைபேசியில் சொன்னேன்.  "முட்டை?" என்றார். "முட்டை பொரிச்சா சொல்லுங்க. பொரிக்காமச் சொல்லாதீங்க."

போன மாதம் ட்ரோன் திரையில் நான் பார்த்தது அதைத்தான். பழைய கூட்டுக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு, தலையை ஆட்டி ஆட்டி வாய் திறந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் காற்றையும் விழுவதையும் பற்றிக் கேட்டு வைத்தேன். மிஸ்ஸுக்கு அங்கே நின்றே சொன்னேன்.

திரும்பும் வழியில் என்னைச் சல்லிக் கரையில் இறக்கிவிடச் சொன்னேன். மடி பிரித்து முடிந்திருந்தது. குணத்திடம் குஞ்சு என்று சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்து அமத்தினான். அப்போதுதான் அது வந்து இறங்கியது, அந்த வெறுங்கால்காரி. தகப்பன் கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் போல. எங்களுக்குக் கிட்ட, முன்பு கழுகுப் பங்கு எறிகிற அதே இடத்தில் நின்று மீன் கூடையைப் பார்த்தது. கூட்டில் குஞ்சு பசியோடு இருக்கிறதே என்று என் கை என்னை அறியாமல் கூடை மூடியில் போய்விட்டது. குணத்தின் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

"அதைப் பாக்காத மச்சான்," என்றான். "பாத்தாக் குடுக்கத்தான் மனம் வரும்."

மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றோம். பின்னால் ஈர மணலில் அது நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு சிறகடிக்கிற சத்தம். அது போய்விட்டது என்று தெரிந்த பிறகும் நாங்கள் திரும்பவில்லை.